எழுந்து நிற்காமல் கிண்டிய திரட்டுப்பால்

திரட்டுப்பாலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பாலில் தொடங்குகிறார்கள். நல்ல பசும்பால் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எங்கிருந்து எடுத்துக்கொள்வது என்று ஒருவரும் சொல்வதில்லை. போன வாரம் ஒரு பத்திரிகையில் ஒரு அம்மாள் இதன் வரலாறு எழுதியிருந்தார். வெளிநாட்டில் ஃபட்ஜ் என்று ஒரு இனிப்பு உண்டாம். பாலும் சர்க்கரையும் வெண்ணெயும் காய்ச்சி இறுக வைத்து வில்லை போடுவதாம். அமெரிக்காவில் கல்லூரிப் பெண்கள் விடுதி அறைகளில் கிண்டிக் கிண்டி அதை நாடு முழுக்கப் பரப்பினார்களாம். அவர்களுக்கெல்லாம் முன்னாலேயே தஞ்சாவூர்ப் பெண்கள் திரட்டுப்பால் கிண்டிவிட்டார்களாம். விருந்தோம்பல், மண் மணம் என்று முடித்திருந்தார்.

எந்தத் தஞ்சாவூர்ப் பெண்கள் என்று அவரிடம் கேட்க வேண்டும் போல இருந்தது. நானும் தஞ்சாவூர்ப் பெண்தான். எனக்குத் தெரிந்த வரலாறு வேறு. அதைச் சொல்கிறேன். யாருக்காவது கசந்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

எங்கள் ஊர் திருக்கடையூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே, கடலைப் பார்த்துப் போகும் ஒரு வாய்க்கால் கரையில் இருக்கிறது, அப்போது அது தஞ்சாவூர் ஜில்லா. அன்றைக்கு ஊரின் நஞ்சை முழுவதும் ஒரே மிராசுதார் குடும்பத்துக்குச் சொந்தம். என் அப்பா அவர்களிடம் பண்ணையாள். தாத்தாவும் பண்ணையாள்தான். மற்றவர்கள் எல்லாம் சேரியில் இருந்தார்கள். மிராசுதாரின் தென்னந்தோப்புக்குக் காவல் வேண்டும் என்று எங்களை மட்டும் தோப்பின் மூலையில் குடிசை போடச் சொல்லியிருந்தார்கள். நான் பிறந்தது அந்தக் குடிசையில்.

பண்ணை வீட்டில் கல்யாணம் என்றாலும் வளைகாப்பு என்றாலும், பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புவது என்றாலும் முதலில் திரட்டுப்பால் ஆக வேண்டும். கொல்லையில் கோட்டை அடுப்பு மூட்டி வெண்கல உருளியை ஏற்றுவார்கள். அந்தப் பால் கொடுத்த மாடுகளுக்குப் புல் அறுத்தது எங்கள் பெண்கள். சாணி அள்ளியது என் அம்மா. விறகு பிளந்தது என் அப்பா. அந்த விறகை அம்மா தூக்கிக்கொண்டு போய், அடுப்புக்கு எட்டத்தில் இருக்கிற தென்னை மரத்தடியில் போட்டுவிட்டு விலகிவிட வேண்டும். சமையற்காரர் வந்து எடுத்துக்கொள்வார். விலகி நின்று பார்ப்பதை மட்டும் யாரும் தடுக்கவில்லை. வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பால் எப்போது பொங்கும், எப்போது ஓரத்து ஏட்டை வழித்து உள்ளே விடுவது, எப்போது வெல்லம் போடுவது, எல்லாம் தெரியும். ருசி தெரியாது.

உருளியின் அடியில் ஒட்டிய காந்தலைச் சுரண்டினால் ஒரு குழந்தையின் வயிறு நிறையும். அதில் தண்ணீர் ஊற்றி அலசி, மாட்டுக்குக் கழுநீர் வைக்கும் தொட்டியில் கொட்டுவார்கள். கொண்டுபோய்க் கொட்டுவதும் அம்மாதான். மாடு குடிக்கும். நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். விருந்தோம்பலைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் ஒரு வரி எழுதலாம்.

பிறகு ஆட்சி மாறியது. கழக ஆட்சி வந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு முன்பிருந்தே செங்கொடி சங்கம் இருந்தது. கூலிக்கும் நிலத்துக்கும் சண்டை நடந்துகொண்டேதான் இருந்தது. அடி, வழக்கு, ஜெயில் எல்லாம் உண்டு. அந்தக் காலத்தில்தான் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருக்கிற விவசாயத் தொழிலாளிக்கு அந்த இடம் சொந்தம் என்றார்கள். வயல் இல்லை, குடிசை நிற்கிற மண் மட்டும். அதுவரைக்கும் மிராசுதாருக்குக் கோபம் வந்தால் குடிசையைப் பிரித்து வெளியே போடலாம். போட்டும் இருக்கிறார்கள். அதனால் அந்தத் துண்டு மண் எங்களுக்குப் பெரிய விஷயம்.

அப்பா மனு கொடுத்தார். மிராசுதார் ஆட்சேபம் கொடுத்தார். அங்கே வீடே இல்லை, அது என் மாட்டுக் கொட்டகை என்றார்.

அப்படிச் சொல்ல அவருக்கு ஒரு வசதி இருந்தது. எங்கள் பக்கத்தில் கிடேரிக் கன்றை வளர்ப்புக்கு விடுவார்கள். கன்று பண்ணையுடையது. தீனி போட்டு வளர்ப்பது நாங்கள். ஈன்றதும் மாடு பண்ணைக் கொட்டகைக்குப் போய்விடும், பால் அவர்களுக்கு. அடுத்த ஈத்துக் கன்றில் எங்களுக்குப் பங்கு. அப்படி ஒரு மாடு எங்கள் வாசலில் நின்றது. புரட்டாசியில் ஈன்றது. வழக்கப்படி உடனே ஓட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். மிராசுதார் ஓட்டவில்லை. "மாடு அங்கயே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். காலையும் மாலையும் பண்ணை ஆள் வந்து கறந்து எடுத்துப் போவான். எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. அவர் மாடு கட்டியிருக்கிற இடம் அவர் கொட்டகை. அப்பாவும் அம்மாவும் நானும் அந்தக் கொட்டகையில் சாணி அள்ள வந்துபோகிறவர்கள்.

ஐப்பசியில் விசாரணைக்குத் தாசில்தார் வருகிறார் என்று சொன்னார்கள். எந்த நேரம் என்று சொல்லவில்லை. முதல் நாள் சங்கத்துக்காரர் ஒருவர் வந்தார். சைக்கிளைத் தென்னையில் சாய்த்துவிட்டு, குடிசைக்குள் தலையை நீட்டிப் பார்த்தார்.

"இது என்னண்ணே, அடுப்புல பூனை படுத்திருக்கு?"

"நெல்லு இருந்தாத்தானப்பா அடுப்பு எரியும்" என்றார் அப்பா. அடைமழை மாதம். வயலில் வேலை கிடையாது, குதிரில் நெல் கிடையாது. ஒரு வேளை கஞ்சி வைத்துத் தண்ணீர் ஊற்றி மறுநாளும் குடிப்போம்.

"அதெல்லாம் தாசில்தாருக்குத் தெரியுமா? அவரு வர்றப்ப அடுப்பு எரியணும். அடுப்பு மேல ஏதாவது கொதிக்கணும். மாட்டுக் கொட்டாயில எவன் சமைப்பான்? அதப் பாத்தா போதும், நாங்க பேசிக்கிறோம்."

"எப்ப வருவாருன்னு தெரியாம நாள் பூரா எதக் கொதிக்க வைக்கிறது? வெறும் தண்ணியவா?" என்று அம்மா கேட்டாள்.

ஏதாவது பண்ணுங்க ஆத்தா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பால் கறக்கும் ஆள் வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. பண்ணை வீடே திருக்கடையூருக்குப் போயிருந்தது. மிராசுதாரின் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். ஆள், அம்பு, சமையல், எல்லாம் அங்கே. மடி கட்டிக்கொண்டு மாடு கத்தியது. நான் கறந்தேன். முதல் நாள் மாலையில் கறந்து காய்ச்சி வைத்ததும் காலையில் கறந்ததும் சேர்ந்து ஒரு பெரிய சட்டி நிறையப் பால்.

அம்மா அந்தப் பாலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "திரட்டுப்பால் கிண்டுனா மத்தியானம் வரைக்கும் அடுப்பு எரியும்டி" என்றாள்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. கேட்டதும் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிக்க என்று கட்டி வைத்திருந்த அச்சு வெல்லத்தைப் பரணிலிருந்து எடுத்தாள். போன பொங்கலுக்கு வாங்கி, தீட்டு வந்ததால் பொங்கல் வைக்காமல் எடுத்து வைத்திருந்த புது மண்சட்டியைக் கழுவினாள். பழைய சட்டியில் எல்லாம் புளி ஊறியிருக்கும், பால் திரிந்துபோகும்.

செய்முறை கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். பாலைக் காய்ச்சுங்கள். பொங்கினதும் தீயைக் குறையுங்கள். ஈரமான தென்னை மட்டையாக இருந்தால் தீ தானாகவே குறையும், கண்ணும் எரியும். கொட்டாங்கச்சி அகப்பையால் துழாவிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் ஏடு படியும், வழித்து உள்ளே விடுங்கள். பால் கால்வாசியாக வற்றும்போது அகப்பை கனக்கும். அப்போது பொடித்த வெல்லத்தைப் போடுங்கள். முதலில் இளகும், பயப்பட வேண்டாம். நிறம் மாறிப் பொரபொரவென்று திரளும். வெல்லம் போட்டதிலிருந்து இறக்குகிற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் அடிபிடிக்கும், அவ்வளவு பாலும் நாசம். பத்திரிகையில் இதையெல்லாம் மூன்று வரியில் எழுதிவிட்டார்கள். தகர டப்பாப் பாலில் செய்தால் பத்து நிமிடமாம். செய்துகொள்ளட்டும்.

வெல்லம் போட்டுக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். மழை சற்று விட்டிருந்தது. கார் சத்தம் கேட்டது.

முதலில் காரியஸ்தர் வந்தார். பண்ணைக் காரியம் எல்லாம் பார்க்கிறவர், மிராசுதாரின் குடைக்கும் அவர்தான், வாய்க்கும் அவர்தான். பின்னால் தாசில்தார், சேற்றில் கால் வைக்க இடம் தேடிக்கொண்டு. கடைசியில் மிராசுதார். அறுபதாம் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு நேரே வந்திருக்கிறார். நெற்றியில் சந்தனம், கையில் வெற்றிலை. அப்பா வாசலில் கைகட்டி நின்றார். அம்மா சுவரோரம் ஒதுங்கி நின்றாள். மிராசுதார் கண்ணில் பட்டால் உட்கார்ந்திருக்கக் கூடாது. நடவில் இருந்தாலும் நிமிர்ந்து ஒதுங்க வேண்டும். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் எழுந்துவிட வேண்டும். அது எழுதாத சட்டம்.

நான் எழுந்திருக்கவில்லை.

"ஏ புள்ள, கண்ணு அவிஞ்சு போச்சா? ஐயா வந்து நிக்கிறாங்க, நீ குந்திக்கிட்டிருக்க" என்றார் காரியஸ்தர்.

"அடுப்புல வேலையா இருக்கேங்க. இப்ப விட்டா அடிபிடிச்சிடும்."

"எந்திரிடி" என்றாள் அம்மா மெதுவாக. "எந்திரிச்சிட்டு உக்காந்துக்க."

"அப்ப நீ வந்து கிண்டு. நான் எந்திரிக்கிறேன்."

அம்மா வரவில்லை. வந்தால் அவள் உட்கார வேண்டும்.

பிற்பாடு பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், வேண்டுமென்றுதானே உட்கார்ந்திருந்தாய் என்று. பால் அடிபிடிக்கும் என்பது உண்மை. எழுந்து நிற்க எனக்கு வெறுப்பாக இருந்தது என்பதும் உண்மை. இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

மிராசுதார் என்னைப் பார்க்காத மாதிரி தாசில்தாரிடம் பேசினார். "பாத்துக்குங்க. மாடு நிக்கிது, கன்னு நிக்கிது, வைக்கோல் கெடக்குது. கொட்டகைன்னா வேற எப்படி இருக்கும்? இதுக தீனி போட வரும், பொழுது சாஞ்சா சேரிக்குப் போயிடும். நீங்க வரீங்கன்னு எவனோ சொல்லிக்குடுத்து இன்னிக்கி அடுப்பப் பத்த வச்சிருக்குதுக."

தாசில்தார் கூரைக்குக் குனிந்து எட்டிப் பார்த்தார். புகையில் இருமினார். "அடுப்புல என்னம்மா?"

"திரட்டுப்பாலுங்க."

காரியஸ்தர் சிரித்தார். "திரட்டுப்பாலாம். நாளைக்கு வந்தீங்கன்னா பாதாம் அல்வா குடுப்பாளுவ."

மிராசுதாருக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் மாறிவிட்டது. எங்கள் கூரைக்குள் அவர் தலை நுழைந்தது அதுதான் முதல் தடவை. சட்டியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் முன்னால் இதையேதான் அங்கே வாழை இலையில் வைத்துத் தின்றுவிட்டு வந்திருக்கிறார்.

"ஏது பாலு?"

"வாசல்ல நிக்கிற மாட்டுப் பாலுங்க. கறக்க ஆள் வரல. மாடு கத்துச்சு, கறந்தேன்."

"கறந்தா பண்ணைக்குக் கொண்டாந்து வைக்கணும். திரட்டுப்பால் கிண்டித் திங்கிற அளவுக்கு ஆயிட்டீங்களா?" குரல் ஏறிக்கொண்டே போனது. "உன் தாத்தன் வந்து எங்கப்பா கால்ல விழுந்து கெடந்தான். போவுதுன்னு இந்த மூலைல குடிசை போட்டுக்கச் சொன்னாரு. மூணு தலமொறயா எம் மண்ணுல குடியிருந்து, எம் மாட்டுப் பாலக் குடிச்சு ஒடம்ப வளத்துட்டு, இன்னிக்கி எனக்கு முன்னாடியே குந்திக்கிட்டு—"

"ஐயா" என்றார் காரியஸ்தர்.

மிராசுதார் நிறுத்தவில்லை. "நீ சும்மா இருய்யா. இவ அப்பன் பொறந்ததே இந்தக் குடிசைலதான். பிரசவத்துக்கு எங்க வீட்லேருந்து நெல்லு குடுத்தோம். அந்த நன்றி இருக்கா?"

"ஐயா, போதும்ங்க" என்றார் காரியஸ்தர் மறுபடியும், இந்தத் தடவை கையைத் தொட்டு.

அதற்குள் தாசில்தார் பேனாவை எடுத்துவிட்டார். "மூணு தலைமுறையா குடியிருக்காங்கன்னு சொன்னீங்க."

"நான் அந்த அர்த்தத்துல சொல்லல."

"இவரு பொறந்ததே இங்கன்னு சொன்னீங்க. நான் கேட்டேன்."

"நாங்களும் கேட்டோங்க" என்றார் அப்பா. அதுவரை அவர் வாயைத் திறக்கவில்லை. மிராசுதாரை ஆண்டே என்று கூப்பிடாமல் அவர் முன்னால் அப்பா பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பொய்யைத் திட்டம் போட்டுத்தான் கொண்டுவந்தார் அந்த மனிதர். மாட்டை நிறுத்தினார், வைக்கோல் போட்டார், ஆட்சேபம் எழுதினார். ஆனால் கீழே இருக்கிறவள் உட்கார்ந்தபடி தான் தின்கிற பண்டத்தைக் கிண்டுவதைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை. சொத்தைவிட அது பெரிதாகிவிட்டது. என் தாத்தாவை எங்கே வைத்திருந்தார்கள் என்று எனக்கு ஞாபகப்படுத்துகிற அவசரத்தில் எங்கள் சாட்சியத்தை அவரே சொல்லிவிட்டார்.

தாசில்தாரை நான் தெய்வம் என்று சொல்லமாட்டேன். மழை பிடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம்தான் அவருக்கு. சட்டியை இறக்கினதும் அப்பா ஒரு வாழை இலைக் கிழிசலில் கொஞ்சம் எடுத்து நீட்டினார். "எனக்குச் சர்க்கரை இருக்குப்பா" என்றார் தாசில்தார். இருந்திருக்கலாம். அப்பா இலையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றார், பிறகு என்னிடம் கொடுத்தார். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் பற்றி எரிகிறது.

அவர்கள் போனதும் காரியஸ்தர் மட்டும் திரும்பி வந்து மாட்டை அவிழ்த்தார். கன்றையும் அவிழ்த்தார். வளர்த்த பங்கு என்று அப்பா ஆரம்பித்தார்.

"பங்கா? குடிச்ச பாலுக்குக் கழிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். மாடு திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்திக்கொண்டே போனது. அந்த மாட்டுக்கு நான் நான்கு வருடம் புல் அறுத்துப் போட்டிருந்தேன்.

அம்மா சட்டியைச் சேரிக்குத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்கு ஒரு உருண்டை கொடுத்தாள். மிச்சத்தை எங்கள் வாசலில் உட்கார்ந்து வாயில் போட்டுக்கொண்டாள். எத்தனையோ கல்யாணத்துக்கு விறகு போட்டுவிட்டு விலகி நின்று பார்த்த பண்டம். மென்றாள். யோசித்தாள்.

"இவ்வளவுதானா? இதுக்கா இந்த ஆட்டம் ஆடுறாங்க" என்றாள்.

கோபத்தில் எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

பட்டா வந்தது. அளக்க வந்தவர்கள் கூரை விழுகிற இடத்தோடு நிறுத்திவிட்டார்கள். மாடு கட்டியிருந்த வாசல் மண் மிராசுதாருக்கே போனது. குடிசை எங்களுடையது, குடிசையிலிருந்து இறங்கி வைக்கிற முதல் அடி அவருடையது. வயலைப் பற்றிப் பேச்சே இல்லை. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது அவருடைய வயல்கள் மச்சினன் பெயரிலும் சமையற்காரர் பெயரிலும் போய் உட்கார்ந்துகொண்டன. அந்தச் சமையற்காரர் தன் பெயரில் எத்தனை வேலி நிலம் இருக்கிறது என்று தெரியாமலே செத்துப் போனார். நாங்கள் நட்ட வயலில் ஒரு குழி நிலம்கூட எங்கள் பெயருக்கு வரவில்லை.

அந்தத் தை அறுவடைக்கு எங்களைக் கூப்பிடவில்லை. வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார்கள். கண் முன்னால் நாங்கள் நட்ட கதிரை வேறு யாரோ அறுத்தார்கள். நாங்கள் மூன்று பேரும் வாய்க்கால் தாண்டி, ஊர் ஊராக நடந்து, கிடைத்த வேலையைச் செய்தோம்.

ஆனியில் காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. குறுவை நடவு எல்லா ஊரிலும் ஒரே சமயத்தில் தொடங்கியது. வெளியூர் ஆள் வரவில்லை, அவரவர் ஊரிலேயே வேலை இருந்தது. பண்ணை நாற்று முற்றிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் காரியஸ்தர் தோப்புப் பக்கம் வந்தார்.

"ஏ புள்ள, உங்காத்தாளக் கூப்பிடு."

அம்மா உள்ளே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். "யாரு?" என்று கேட்டாள்.

"நாந்தான். பண்ணைலேருந்து. நடவுக்கு ஆள் வேணும்."

"சாப்பிட்டுக்கிட்டிருக்கோம். கூரைக்கு வெளில நில்லுங்க, வரோம்."

அவர் குடையை விரித்துக்கொண்டு நின்றார். அம்மா ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, பொறுமையாக, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கலயத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். தலையை அள்ளி முடிந்தாள். அப்புறம்தான் வெளியே வந்தாள்.

வந்து என்ன. அன்று மத்தியானத்துக்குள் அம்மாவும் நானும் அவர்கள் வயலில்தான் சேற்றில் இறங்கிக் குனிந்தோம். வேறு வயல் எங்களுக்கு இல்லை.